ஈர மணலில் முன் பிரேக்

என் அம்மா இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பாள். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்த கால் அது. நான் ஓட்டிய ஸ்கூட்டரிலிருந்து விழுந்துதான் முறிந்தது. இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, இனியும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு மாலைக்காகப் பாதி வாழ்க்கையைப் பின்சீட்டில் கழித்தேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்தவர். பாண்டி பஜாரை ஒட்டிய தெரு ஒன்றில் வீடு. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர், அண்ணனும் நானும். படிப்பு முடிந்ததும் அப்பா எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். நன்றாகவே ஓட்டினேன். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்துக்குள் நுழைந்து, காலைத் தரையில் ஊன்றாமல் வெளியே வந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. மயிலாப்பூர் குளத்தருகே காய் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். லஸ் தாண்டி ஒரு திருப்பத்தில், எதற்கோ பள்ளம் தோண்டிப் போட்ட மணல் கரைந்து ரோட்டில் பரவிக் கிடந்தது. ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. வண்டி சாய்ந்து திரும்பும் நேரத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்துவிட்டேன். முன்சக்கரம் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அம்மா பிளாட்பார விளிம்பில் மோதி விழுந்தாள்.

“அந்தப் பையை எடுட்டி, கத்திரிக்கா எல்லாம் ரோட்டுல போவுது” என்றாள். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள். “இனிமே இவ கையில வண்டிய குடுக்காதீங்கப்பா” என்றான் அண்ணன். அப்பா தலையாட்டினார். நானும் வண்டியைக் கேட்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப்போன அந்த மாதங்களில், எனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்றுதான் தோன்றியது.

பிறகு அது ஒரு கதையாகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்ணன் சொல்லுவான்: “இவ பின்னாடி உக்காந்தா நேரா ஆஸ்பத்திரிதான்.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கல்யாணமாகி கே.கே. நகருக்குப் போனபோது அந்தக் கதையும் சீரோடு கூட வந்தது. என் கணவர் நல்லவர். எங்கே கேட்டாலும் கொண்டுபோய் விடுவார், அவருக்கு நேரமிருந்தால்.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. நான் படித்ததற்கே ஏற்ற வேலை. விடிவதற்கு முன்பே ஷிஃப்ட் தொடங்கும். “டூ வீலர் ஓட்டுவீங்கதானே?” என்று இன்டர்வியூ எடுத்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார். “தெரியாது” என்றேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னேன். என்னைக் கேட்டால், என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். லஸ்ஸில் நடந்தது விபத்து. இது நானே யோசித்து, வாய் திறந்து சொன்னது. அந்த வேலை இன்னொருத்திக்குப் போயிற்று. நான் வீட்டருகே ஒரு சின்ன லேபில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டேன்.

போன வருடம் உறவில் ஒரு வளைகாப்பு. மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் மறுபடியும் ஆரம்பித்தான். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். என்ன வந்ததோ எனக்கு, வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

“அண்ணே, நீ கார் கத்துக்கிட்டப்ப எதிர்வீட்டுச் சுவரை இடிச்சியே, அதையும் சொல்லேன். அந்தக் கதையை மட்டும் ஏன் யாரும் சொல்றதே இல்ல?”

“அதுவும் இதுவும் ஒண்ணா? அதுல யாருக்கும் அடிபடலியே.”

“சுவருக்குப் பின்னாடி யாரும் இல்ல, அதனால படல. மறுநாளே அப்பா உன்கிட்ட சாவியக் குடுத்தார். நீயும் ஓட்டக் கத்துக்கிட்டே. நான் ஈர மணல்ல முன் பிரேக்க பிடிச்சேன். தப்புதான். அந்தத் தப்பு பேரு ‘முன் பிரேக்’. என் பேரு இல்ல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணி எழுந்து தாம்பூலப் பைகளை அடுக்கப் போனாள். நான் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து மடித்தேன். சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்த வாரமே எங்கள் காலனிக்குப் பக்கத்தில் பெண்களுக்கு வண்டி கற்றுத்தரும் ஒருத்தியிடம் சேர்ந்தேன். என்னைவிட ரொம்பச் சின்னவள். முதல் நாள் நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, பிரேக்க புட்ச்சா வண்டி நின்னா போதும். நீ எதுக்கு மூச்ச நிறுத்தினுகீற?” என்றாள்.

பழக்கம் உடம்பில் இருந்தது. சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது போதவில்லை. கட்டடம் கட்டும் மனை ஒன்றின் முன்னால் கொட்டியிருந்த மணலைக் காட்டி, இதில் ஓட்ட வேண்டும் என்றேன்.

“ஊரே மணல சுத்திக்கினு போவுது. நீ இன்னாக்கா?”

“நான் விழுந்தது இதுலதான்.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னாள். வண்டியை நிமிர்த்தி, வேகத்தை முன்பே குறைத்து, பின் பிரேக்கை மெல்லத் தொட்டு, அந்த மணலில் போனேன், வந்தேன். ஒருமுறை சாய்ந்தேன். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. புது லைசன்ஸ் எடுத்தேன். வண்டியும் வாங்கினேன். வீட்டில், “இந்த வயசுல எதுக்கு?” என்றார் கணவர். “அந்த வயசுல விட்டுட்டேன்ல, அதுக்குத்தான்” என்றேன்.

அம்மாவை மட்டும் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன். அதையும் அவளே உடைத்தாள்.

அப்பா போன பிறகு அம்மா தி.நகர் வீட்டில் அண்ணனோடுதான் இருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து, அடையாறில் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் அது. நான் தி.நகர் போயிருந்தேன். காரோடு வருவதாகச் சொன்ன அண்ணன், மெட்ரோ வேலையில் ரோட்டைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், மாட்டிக்கொண்டேன் என்று போன் செய்தான். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன்.

“ஒன் வண்டி வாசல்ல தானட்டி நிக்கி?” என்றாள் அம்மா.

“வேண்டாம்மா. உன்னை ஏத்திக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. பயமா இருக்கு.”

“காலு என்னுது. பயப்பட வேண்டியவ நான்லா? நீ எதுக்குட்டி பயப்படுத?”

அவளே தொடர்ந்தாள். “வண்டிய விக்கச் சொல்லி நான் எப்பமாவது சொன்னேனா? ஒருத்தரும் என்னையக் கேக்கல. அடிபட்டது எனக்கு, தீர்ப்பு சொன்னது ஊரு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?” கோபமாகத்தான் கேட்டேன்.

“சொல்லியிருக்கணும். வலியில கெடந்தேன். எந்திரிச்சப்பெறவும் வாயத் தொறக்கல. அது எனக்கும்தான் உறுத்துது. இப்பம் அதப் பேசிக்கிட்டு நின்னா டாக்டர் போயிருவாரு. ஹெல்மெட்ட எடு.”

ஹெல்மெட் கொண்டையில் இடித்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டாள். நான் ஒரு ஸ்டூலைப் போட்டேன். அதில் ஏறி, கம்பி வைத்த காலைத் தூக்கிப்போட்டு, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

நந்தனம் வரை எனக்கு முதுகெல்லாம் வேர்வை. கோட்டூர்புரம் பாலத்துக்கு முன்னால் பள்ளம் தோண்டிய இடத்தில் சேறும் மணலும் கிடந்தன. முன்பே வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. இறுகவில்லை.

டாக்டர் பார்த்து முடித்ததும் அம்மாவுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவன் கத்தியது எனக்கே கேட்டது. “இன்னொரு காலையும் உடைச்சுக்கணுமாம்மா உனக்கு?”

“முறிஞ்சா அவளே பாத்துக்கிடுவா. போன தடவையும் அவதான் பாத்தா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் நடையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது. அது போகாது. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அது இருக்கட்டும், நான் ஓட்டிக்கொண்டே இருப்பேன்.

அன்று நேரே வீடு திரும்பவில்லை. வஞ்சிரம் வாங்க வேண்டும் என்றாள் அம்மா. அடையாற்றுப் பாலம் ஏறி, பட்டினப்பாக்கம் வழியாக நொச்சிக்குப்பம் போனோம். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நேத்து மீனுல்லா இது” என்று அவள் சண்டை போட, விற்கிற அம்மாள் திருப்பிச் சண்டை போட, நான் வண்டியை அணைக்காமல் வெயிலில் காத்திருந்தேன்.