முப்பத்தாறு சதவீதம்

பதிவேடு உதவியாளர், மூன்றாம் நிலை. கடமைகள்: கோப்புகளைப் பராமரித்தல், கடிதங்களை அனுப்புதல், எழுதுபொருள் இருப்பைக் கவனித்தல். தொழில்நுட்பப் பொறுப்பு ஏதுமில்லை. நியமன உத்தரவில் கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

அந்த அடிக்கோட்டுக்குச் சொந்தக்காரியைக் கம்பெனியில் எல்லோரும் ‘நிமிஷக்காரி’ என்றார்கள். கடலடிக் குழாய்களைப் பழுதுபார்க்க இறங்கும் டைவர்கள் எந்த வாயுக் கலவையைச் சுவாசிக்கலாம், அடியில் எத்தனை நிமிடம் இருக்கலாம், ஏறி வரும் வழியில் எங்கெங்கே நிற்கவேண்டும் என்று ஒன்பது வருஷமாக அவள்தான் கணக்குப் போட்டாள். படித்தது கணிதம்; கிடைத்தது கோப்பு அலமாரி. நீச்சல் தெரியாது. கணுக்கால் நனைந்தாலே தலை சுற்றும்.

அவள் கணக்கை நம்பி இறங்குகிறவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். “அறுபது மீட்டர், இருபது நிமிடம்” என்று எழுதிக் கொடுத்தால், இருபதாவது நிமிடம் முடுக்கிக்கொண்டிருக்கும் நட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான்.

“நீங்க கணக்குப் போட்டா எனக்குக் கவலையே இல்லக்கா. அவர் கடல்ல இருக்கறப்பதான் நான் நிம்மதியா ஒரு தூக்கம் போடறேன்” என்றாள் அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

அன்றோடு நிமிஷக்காரியின் தூக்கம் போயிற்று. போன மாதம்தான் ஒரு சிலிண்டரில் ஒட்டும் டேப்பில் ஆக்சிஜன் சதவீதத்தை 18 என்று எழுதவேண்டிய இடத்தில் 13 என்று எழுதியிருந்தாள். யார் கண்ணிலும் படுவதற்குள் அவளே கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டாள். தன்னை நம்பக்கூடாது என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

இதற்கென்றே ஒரு விதி உண்டு. சுவாசிக்கப் போகிறவன் தன் சிலிண்டரைத் தானே ஆக்சிஜன் மீட்டர் வைத்து அளந்து, டேப்பில் இருக்கும் எண்ணோடு சரிபார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடவேண்டும். மீட்டரில் எண் நிலைக்கவே ஒரு நிமிடம் ஆகும். கொழுந்தன் இரண்டு சிலிண்டரையும் பத்து வினாடியில் முடித்துவிடுவான்.

“தம்பி, மீட்டர் வெச்சுப் பாத்தியா?”

“நீங்க பாத்தாச்சுல்ல அண்ணி. அதுக்கு மேல மீட்டருக்கு என்ன மரியாதை?”

ஆகவே அந்தக் காலை, பதினெட்டு சதவீதம் ஆக்சிஜன் அடைத்த இரண்டு சிலிண்டர்களின் மேலும் அவள் 36 என்று எழுதினாள், நன்றாகக் கொட்டை எழுத்தில். அறுபது மீட்டரில் அந்த அளவு ஆக்சிஜன் ஆளை வலிப்பில் தள்ளும். டைவர் எவனும் அந்த எண்ணைப் பார்த்ததும் அலறவேண்டும்.

அலறலுக்காகக் காத்திருந்தாள். பென்சிலைச் சீவினாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள். பதிவேட்டைத் திறந்தாள், மூடினாள், ஜன்னலுக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், ஜன்னலுக்கே திரும்பி வந்தாள்.

“என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறீங்க?” என்றார் கம்ப்ரசர் ஓட்டுகிறவர்.

“எங்க சுத்தறேன்? சும்மாதான் இருக்கேன்” என்று அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கொழுந்தன் விசிலடித்துக்கொண்டு வந்தான். முதல் டேப்பில் கையெழுத்துப் போட்டான். பார்த்துவிடுவான், இதோ பார்த்துவிடுவான் என்று அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள். இரண்டாவதிலும் போட்டான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “இன்னிக்கு எழுத்து ஜோரா இருக்கே அண்ணி!” என்று பாராட்டு வேறு.

அவள் வெளியே போய், படகுக்குத் தள்ளவிருந்த சிலிண்டர் வண்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“எந்திரிங்கம்மா!” படகோட்டி கத்தினார். “இப்ப விட்டா நீரோட்டம் அடங்கற நேரத்தைப் பிடிக்க முடியாது!” கூட இறங்கவேண்டியவன் தன்னுடையதை அளந்துவிட்டு எப்போதோ படகில் ஏறியிருந்தான்.

“தம்பி, டேப்பைப் படி.”

“படிச்சுட்டேனே.”

“சத்தமா படி.”

“ஆக்சிஜன் முப்பத்தி...” வாய் அங்கேயே நின்றது. “உள்ள என்ன அண்ணி இருக்கு?”

“சொல்ல மாட்டேன்.”

மீட்டரை அவன் கையில் திணித்தாள். முதல் முறை விரல் நடுங்கி வால்வைத் தவறவிட்டான். ஒரு நிமிடம் ஆயிற்று: பதினெட்டு. இன்னொரு நிமிடம்: பதினெட்டு.

“சரியாத்தானே இருக்கு!” என்று வெடித்தான். “இத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கணுமா?”

“சரியா இருக்குன்னு உனக்கு இப்பத்தான் தெரியும்” என்றாள். ஆனாலும் வண்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கை நடுங்குகிறவனை இன்றைக்கு இறக்கமுடியாது என்று சொல்லிவிட்டாள். படகோட்டி கடுப்பில் கயிற்றை வீசியெறிந்தார்.

மேலாளர் வந்து தலையைச் சொறிந்தார். “நீரோட்டம்னு எழுதிடும்மா. எல்லாருக்கும் நல்லது.” பதிவேட்டில் ‘நீரோட்டம் காரணமாக ரத்து’ என்றுதான் இருக்கிறது. எழுதியவள் அவள்தான்.

அவள் செய்தது இது: பதினெட்டு சதவீதம் இருந்த சிலிண்டர்களில் தெரிந்தே முப்பத்தாறு என்று எழுதினாள், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கொழுந்தனைக் கடலில் இறங்கவிடாமல் தடுத்தாள்.