எழுதிக் கொடுத்த புகை

மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அஸ்வினியை அடுப்புக்காரப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். முதலில் அதைச் செல்லமாகச் சொன்னார்கள்.

பி.காம். முடித்துக் கல்யாணமாகி வந்த ஊரில் அவளுக்கு ஏற்ற வேலை எதுவும் இல்லை. சென்னைக் கம்பெனி ஒன்று திண்டிவனத்தில் அலுவலகம் திறந்து, புகை குறைந்த விறகடுப்பை வீடு வீடாக இலவசமாகக் கொடுக்க ஆள் தேடியபோது உடனே போய்ச் சேர்ந்தாள். சும்மா அடுப்பு கொடுக்கிறவனுக்கு வேறு எங்கேயோ ஏதோ வேகிறது என்று லாரி ஓட்டும் அவள் கணவன் ராஜ்குமார் சிரித்தான்.

எங்கே வேகிறது என்று அவளுக்குத் தெரியும். மேலாளர் புகழேந்தி பயிற்சியிலேயே எல்லாம் சொல்லியிருந்தார். உலக நாடுகள் பாரிஸில் கூடி, புகையைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் புகையைக் குறைப்பதற்குப் பதிலாக, நம்மைப் போன்ற நாடுகளில் குறைகிற புகையை விலைக்கு வாங்கித் தங்கள் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். அந்தக் காசில்தான் அடுப்பு வருகிறது. அடுப்பு வாங்குகிற பெண்கள், குறைகிற புகையின் உரிமை கம்பெனிக்கே என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இதை அவள் பெண்களிடம் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மாளுக்குத்தான் முதல் அடுப்பைக் கொடுத்தாள். வீரம்மாள் தனியாளாக மல்லாட்டைக் கடலை பயிரிட்டு, இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவள். உறவு இல்லைதான். ஆனாலும் அஸ்வினி புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து அவளுக்குப் பெரியம்மா. முழுவதையும் கேட்டுவிட்டு வீரம்மாள் கைநாட்டு வைத்தாள்.

“புகையக்கூடவா எழுதி வாங்கிக்கினு போறாங்க? போவட்டும். கண்ணு எரியாம இருந்தா சரி.”

வீரம்மாளே வாங்கிவிட்டாள் என்றதும் ஊர் முழுக்க வாங்கியது.

அடுப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளியே இரும்பு, உள்ளே சுட்ட மண் குழாய். ஆனால் அதன் வாய் சின்னது. ஊரில் எரிப்பது வேலிக்காத்தான் கட்டை; அதை விரல் தடிமனுக்குப் பிளந்தால்தான் உள்ளே போகும். கழனி வேலைக்குப் போகிற பெண் எப்போது உட்கார்ந்து பிளப்பாள்? மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சும் பெரிய குண்டான் அதன் மேல் நிற்காது. கேஸ் அடுப்பும் எல்லார் வீட்டிலும் இருந்தது. சிலிண்டர் விலைக்குப் பயந்து, விருந்தாளி வந்தால் டீ போட மட்டும் பற்றவைப்பார்கள். கொஞ்ச நாளிலேயே எல்லாரும் பழைய மண் அடுப்புக்குத் திரும்பினார்கள். புது அடுப்பு ஒரு வீட்டில் கோழி அடைகாக்கவும், இன்னொரு வீட்டில் வெங்காயம் போட்டு வைக்கவும் ஆயிற்று.

அஸ்வினி போய்ப் புகழேந்தியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பழக்கம் மாற நாளாகும் என்றார். அதுவரை, மாதாமாதம் போனில் அனுப்பும் கணக்கில் எல்லாரும் உபயோகிப்பதாகவே பதிந்துவிடச் சொன்னார். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவள் பதிந்தாள்.

பிறகு அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. மயிலம் பக்கம் அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. வீடுகளுக்குள் நின்ற தண்ணீரில் அடுப்புகள் ஊறிக் கிடந்தன. வடிந்தபோது இரும்பு துருவேறி, மண் குழாய் வெடித்திருந்தது. மாற்று அடுப்பு கேட்டதற்கு, திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அடுத்த வருடம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இந்த அடுப்புக் கணக்குகளைப் பற்றிச் சந்தேகம் எழுந்தது. புகையை வாங்கியவர்கள் நேரில் சரிபார்க்க ஆள் அனுப்பினார்கள். டெல்லியிலிருந்து ஓர் அம்மாள் வரப்போவதாகச் செய்தி வந்த அன்று, புகழேந்தி அஸ்வினியின் வீட்டுக்கே வந்தார். நாலு வீட்டிலாவது அடுப்பு எரிய வேண்டும் என்றார். சின்னப் பாத்திரம் வைத்தால் டீக்கு மட்டும் உபயோகிப்பதாக நினைப்பார்கள், குடும்பத்துக்கே சமைக்கிற பாத்திரமாக வைக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

அவள் வீடு வீடாகப் போனாள். பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் அவளுக்காக அடுப்பைத் தேடி எடுத்துத் துருவைத் தேய்த்தார்கள். வீரம்மாளின் அடுப்பை அஸ்வினியே தேய்த்தாள். மறுநாள் காலை அவளே விறகைப் பிளந்து பற்றவைத்து, கேப்பைக் கூழுக்குப் பெரிய குண்டானைத் தூக்கி வைத்தாள்.

“ஆடுதுடி” என்றாள் வீரம்மாள்.

“கொஞ்ச நேரந்தான் பெரிம்மா. அவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க.”

டெல்லி அம்மாள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தினமும் இதில்தான் சமைக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அஸ்வினி அந்தக் கேள்வியை வீரம்மாளுக்குத் தமிழில் சொன்னாள். வீரம்மாள் ஒரு கணம் அஸ்வினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். கூழைக் கிளறித் துடுப்பை எடுக்கும்போது, அடுப்பு விளிம்பில் குண்டானைத் தாங்கிய மூன்று இரும்புக் காதுகளில் துருப்பிடித்த ஒன்று முறிந்தது. குண்டான் சரிந்து, கொதிக்கிற கூழ் வீரம்மாளின் வலது பாதத்தில் கொட்டியது.

வீரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அஸ்வினி குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் புகழேந்தி தாழ்ந்த குரலில் சொல்வது அவள் காதில் விழுந்தது. அளவுக்கு மீறிய பாத்திரம், மேடம். விதிமுறையில் தெளிவாக இருக்கிறது. டெல்லி அம்மாள் அஸ்வினியைப் பார்த்துக் கேட்டாள்: பெரிய பாத்திரம் வைக்கக் கூடாது என்று இவர்களிடம் சொல்லியிருந்தீர்களா?

புகழேந்தியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு கொடுத்த அன்று எல்லாரிடமும் அப்படிச் சொன்னது உண்மைதான். “யெஸ் மேடம்” என்று தலையாட்டினாள் அஸ்வினி.

வீரம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த அம்மாள் குண்டானைக் காட்டிக் கேட்டதும், இவள் தலையாட்டியதும் கண்ணெதிரில் நடந்தன.

“இன்னா சொன்ன? நான் பெரிய குண்டான் வச்சேன்னா?”

அஸ்வினி மறுபடியும் குடத்தைக் காலில் சாய்த்தாள்.

“நீதான வச்ச?”

வீரம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

வீரம்மாளுக்குச் சர்க்கரை இருந்தது. புண் ஆறாமல் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கம்பெனி ஒரு பூங்கொத்துகூட அனுப்பவில்லை. உபயோகித்தவரின் தவறு என்று முடிவாகிவிட்டது. அதற்குச் சாட்சி அஸ்வினியின் வாய்தான். உபயோகிக்காத அடுப்புகளை உபயோகிப்பதாகப் பதிந்தது யார் என்ற கேள்வி எழுந்தபோதும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். வேலை போயிற்று. சில மாதத்தில் திண்டிவனம் அலுவலகமும் பூட்டிக்கொண்டது.

ஏற்கெனவே விற்ற புகை என்னவாகும் என்று அவள் புகழேந்திக்குப் போன் செய்து கேட்டாள். அது முடிந்த கணக்கு, யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்றார் அவர். அதாவது, இந்த ஊர் மண் அடுப்புகளில் விட்ட புகையும் வானத்துக்குத்தான் போனது. அது குறைந்ததாகக் காட்டி எண்ணெய்க் கம்பெனிகள் விட்ட புகையும் வானத்துக்குத்தான் போனது.

இப்போது விடியற்காலையில் வரும் செருப்புக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். ஊர்ப் பெண்கள் சண்டை எதுவும் போடவில்லை. கல்யாணம் காதுகுத்துக்குக் கூப்பிடவும் செய்கிறார்கள். ஆனால் அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். அடுப்புகளைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்வினி மீன் குழம்பு வைத்து வீரம்மாள் வீட்டுக்கு எடுத்துப் போவாள். வீரம்மாள் மண் அடுப்பில் ஊதிக்கொண்டிருப்பாள். கிண்ணத்தை வாங்கி வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, கழுவித் திருப்பிக் கொடுப்பாள். ஒருமுறை, இன்னும் வலிக்கிறதா என்று அஸ்வினி கேட்டாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமலேர்ந்து கொழம்பு வேணாம்மா” என்றாள் வீரம்மாள். அதுவரை அவளை ஒருநாளும் அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை, வாடி போடிதான்.