என்னைப் பக்கத்துக் கடைக்காரனாக்கியவர்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

ஆடிட்டர் தணிகாசலம் இறந்துவிட்டார் என்ற செய்தி, காலை டிபன் நேரத்தில் வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சிரித்த முகம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே வரிசையாகக் கும்பிடுகள். "எங்கள் கடைகளைக் காத்த தெய்வம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மதியம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அண்ணா, அவருக்கு ஒரு நினைவு மலர் போடறோம். நம்ம பசங்கள்ல நீதான் எம்.ஏ. படிச்சவன். நாலு வார்த்த நல்லதா எழுதிக் குடு."

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். அவர் ஆடிட்டர் படிப்புப் படித்தவரல்ல. சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கெழுதியவர். ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரு மாடியறை பிடித்து பலகை மாட்டினார். பாக்கெட்டில் போட்டு விற்றால் ஒரு வரி, தட்டில் வைத்துக் கொடுத்தால் வேறு வரி என்று அரசாங்கம் சொன்னதையும், சொன்னதை மாற்றியதையும், மாற்றியதைத் திரும்ப மாற்றியதையும் எங்களுக்குப் புரியும் தமிழில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அலுவலகத்தில் போய்க் கேட்டால் "ஆன்லைன்ல சூஸ்கோண்டி" என்று தெலுங்கில் பார்த்துக்கொள்ளச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் போனை எடுப்பார். கூலியும் அதிகம் கேட்டதில்லை. நல்லது இவ்வளவுதான்.

எங்கள் கடை திருச்சானூரில் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. நைனா, எங்கள் அப்பா, ஆரம்பித்த டிபன் கடை. அவருக்குப் பிறகு ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்வீட் ஸ்டாலும் வைத்தோம். உள்ளே டிபனை நான் பார்த்துக்கொண்டேன். முன்னால் ஸ்டாலைத் தம்பி முருகேசன் பார்த்தான். கல்லா ஒன்றுதான். பக்தர்கள் போனில் பணம் கட்டத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் வந்தது. அதுவரை கல்லாவோடு இருந்த கணக்கு பேங்கில் எல்லார் கண்ணிலும் படும்படி நின்றது. ஜி.எஸ்.டி. கட்டத் தேவையில்லாத விற்பனை வரம்பைத் தாண்டப் போகிறோம் என்று தெரிந்ததும் ஆடிட்டரிடம் ஓடினோம்.

"இதுக்கா பயந்துகினு வந்தீங்க?" என்று சிரித்தார். "டிபன் உன் பேர்ல இருக்கட்டும் எம்.ஏ. ஸ்வீட் ஸ்டால முருகேசன் சம்சாரம் சுமதி பேர்ல எழுதிடலாம். நடுவுல ஒரு ப்ளைவுட் அடி. ரெண்டு போர்டு, ரெண்டு மீட்டர், ரெண்டு ஸ்கேனர். தாண்டறதுக்கு வரம்பே இல்ல, போ."

அடித்தோம். அதுவரை டிபன் சாப்பிட்டு ஒரு லட்டு வாங்கிப் போனவர்கள், வெளியே இறங்கிச் சுற்றி வந்து இன்னொரு முறை பணம் கட்டினார்கள். "ஒக அங்கட்லோ ரெண்டு ஸ்கேனர்லா?" ஒரு கடைக்கு இரண்டா என்று ஒரு கடப்பாக்காரர் தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஒரு நாள் அதிகாரி வந்தார். ஆடிட்டருக்கு முன்பே தகவல் வந்திருந்தது. தெரியாதவர் போல மூலை மேசையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி ஸ்டாலில் நின்று, என்னைக் காட்டி முருகேசனிடம் கேட்டார்: "அவர் யாரு? முகஜாடை ஒரே மாதிரி இருக்குதே?"

முருகேசன் கொஞ்சமும் தயங்கவில்லை. "பக்கத்துக் கடைக்காரரு சார்."

அதிகாரியின் ஜீப் போன பிறகு ஆடிட்டர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து அவன் முதுகில் தட்டினார். "பாத்தியா எம்.ஏ., எப்பிடிச் சொன்னான் பாரு! உனக்கு வராதுப்பா, நீ படிச்சவன்."

அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர் அவர். முருகேசன் அதைச் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டான். முதலில் தனிக் கல்லா வந்தது, பிறகு தனிப் பூட்டு. இந்த வருடம் முன்பக்கத்தை ஒரு பேக்கரிக்காரனுக்கு வாடகைக்கு விடப் போகிறான். விட்டால் ஸ்டால் ஓரமாக உள்ளே வரும் நடையும் அதோடு போய்விடும்; எனக்கு ரோட்டு வழி கிடையாது, பின்பக்கச் சந்துதான். சந்துக்குள் வந்து எந்தப் பக்தனும் இட்லி சாப்பிடமாட்டான். "டேய், நைனா கடைடா அது" என்றேன். "அது சுமதி பேர்ல இருக்குதுண்ணா. ஆபீஸ்ல போய்க் கேட்டுப் பாரு" என்றான்.

சித்தூர் மாடியறைக்குப் போய் ஆடிட்டரிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போ, வேணான்னு சொல்லல" என்றார். "ரெண்டும் ஒரே கடை, வரிக்காகத்தான் பிரிச்சோம்னு சொல்லணும். சொல்லு. ஆனா மொதல்ல வந்து கதவ தட்டறவன் ஜி.எஸ்.டி.காரன். பழைய வரி, வட்டி, அபராதம். அப்பறம் கடைய அண்ணன் எடுத்துக்கறதா, தம்பி எடுத்துக்கறதான்ற பேச்சே இருக்காது."

"கோர்ட்டு வேணாம் சார். நீங்க ஒரு தடவ வந்து உக்காந்து, இது கண்தொடைப்புக்குப் பிரிச்சதுன்னு அவன்கிட்ட உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

"பாக்கலாம்" என்றார். வரவில்லை. இப்போது போயும் சேர்ந்துவிட்டார். அந்தப் பிரிவினை பொய் என்று முருகேசன் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

மலரில் அவரைத் தெய்வம் என்று எழுதப்போகும் சங்கத்து அன்பர்களே, உங்களுக்கும் அவர் இதையேதான் செய்தார். "வரம்பு நெருங்குது, மார்ச் மாசம் கடைய மூடிக்கினு ஊருக்குப் போயிட்டு வா", "ரெண்டாவது ஆள வெக்காத", "பெருசாவாத, மாட்டிக்குவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்களில் ஒருவர் கடைகூட வளரவில்லை. வளராததற்கு நன்றி சொல்லிக் கும்பிடு போடுகிறீர்கள். சட்டம் எழுதியவர்கள் எங்களைப் பயமுறுத்தினார்கள். இவர் அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்தக் கற்றுக் கொடுத்தார். எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம் ஒன்றுதான். இதை எழுதி முடித்து, பெயர் போடப் பேனாவைத் தூக்கியபோது அது வந்து கையைப் பிடித்தது. படிக்கிற எல்லாருக்கும் இது யார் என்று தெரியும். முருகேசனுக்கு முதல் வரியிலேயே தெரியும். ஆனால் என் கையெழுத்து இருந்தால் இது இரங்கல் கட்டுரையாக இருக்காது, ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். என் பாதியும் போகும், தம்பியின் பாதியும் போகும். அவன் பாதி போவதை என்னால் பார்க்க முடியாது. அது என் பாதி.

வாட்ஸ்அப்பில் போட்டால் நம்பர் தெரியும். உறையில் வைத்து, சங்கத்தின் விலாசம் மட்டும் எழுதி, திருப்பதியில் பெரிய தபால் பெட்டியில் போடப் போகிறேன். பெயர் இல்லாமல்.