பல்வலிக்கு நாலு சவரன்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலி அப்படியில்லை. அது எனக்கு வந்ததும் இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கே வைத்தியம் தெரிந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி. திங்கட்கிழமை கிண்டியில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டு வந்த ஒரே கடிதம். வெள்ளியன்று கடைவாய்ப்பல் தெறிக்க ஆரம்பித்தது. ஞாயிறன்று தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டி. கிராம்புத் தைலம் வைத்தேன். வலி மரியாதையாக அரைமணி நேரம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

எதிர்வீட்டு அக்கா பள்ளிக்கூட டீச்சர். சர்ச்சிலிருந்து திரும்பியவர், என் வாயைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னார்.

"பொன்னுக்கு வீங்கி, தம்பி. கழுத்துல தங்கம் கெடந்தா மூணு நாள்ல வத்திடும்."

"வலி பல்லுலக்கா..."

"நீ டீச்சரா, நான் டீச்சரா?"

தன் நாலு சவரன் சங்கிலியை எனக்கு மாட்டிவிட்டார். நடுவில் கழற்றினால் வீக்கம் மறுபக்கம் தாவுமாம். அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் லீவு போட்டு என்னோடு ரயிலேறினார். அத்தனை பாசம்! கண் மட்டும் என் கழுத்தைவிட்டு நகரவில்லை.

இன்டர்வியூவில் மூன்று அதிகாரிகள். "கழுத்துல என்னய்யா?"

"பொன்னுக்கு வீங்கி சார்."

மூன்று நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் போயின.

"ஒட்டுவாரொட்டியை எங்களுக்குக் குடுக்க வந்தியா? வெளியே போ! சாயந்திரத்துக்குள்ள டாக்டர் லெட்டர் இருந்தா வா, இல்லேன்னா அடுத்த ஆளு."

வாசலில் பியூன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயத் தொற. அட, சொத்தப்பல்லுப்பா இது! இதுக்கா நகை மாட்டிகினு வந்தே? தெருக்கோடில பல் டாக்டரு கீறாரு, ஓடு."

டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "வேர்ல சீழ் கோத்திருக்கு. அதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு. யாருக்கும் ஒட்டாது." பல்லைப் பிடுங்கிச் சீழை வடித்தார், பென்சிலின் ஊசி போட்டார். "தினம் வந்து ஊசி போட்டுக்கோ. வத்திடுச்சுன்னு பாதியில நிறுத்தாதே. முழுங்க முடியலேன்னா, ஜுரம் ஏறினா உடனே வா."

"சங்கிலி, டாக்டர்?" இது அண்ணன்.

"அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தமேயில்லை."

அண்ணன் சங்கிலியைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

லெட்டரோடு ஓடினேன். வாய் நிறையப் பஞ்சு. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். டைப் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். "வளவளன்னு பேசாத பையன்" என்று வேலை கொடுத்தார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குச் சொல்லுப் போனதால்தான் சோறு கிடைத்தது. பஞ்சை எடுத்த பிறகுதான் அவர்கள் ஏமாந்தது அவர்களுக்கே தெரிந்தது.

புதன்கிழமை வீக்கம் வற்றியது. அக்கா தெருவைக் கூட்டி என் தாடையைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஒரே நாள்தான் போட்டான். என் தங்கம் அவ்ளோ சுத்தம்!"