பின்சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி

அய்யாக்கண்ணுவுக்குத் தன் கைவேலையில் கர்வம் உண்டு. அதில் தப்பும் இல்லை. பினாங்கில் அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு வண்டியை ஓட்டத் தெரியுமே தவிர, அது நின்றுவிட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். இவன் பைராம் தோட்டத்தில் லாரி கழுவப் போய், அப்படியே எஞ்சின் வேலையும் கற்றவன். 1931இல் சூலியா தெரு ஜவுளிக்கடை முதலாளி ஷேக் அலாவுதீனின் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அது ஏதோ ஒரு துரை தேய ஓட்டிவிட்டு விற்ற கார். முதலாளி அதை வாங்கியதே மனைவி சித்தி ஹாஜராவுக்காகத்தான். அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. பின்சீட்டைச் சுற்றித் திரை கட்டி, அதற்குள் உட்கார்ந்து, ஆயர் ஈத்தாமில் கட்டிக்கொடுத்த மகள் சலேஹாவை வாராவாரம் பார்த்து வருவாள். சலேஹாவுக்குக் காசநோய். தாயைப் பார்க்கிற அன்றுதான் கொஞ்சம் கஞ்சி இறங்கும்.

காரைச் செய்த புண்ணியவான் பேட்டரியைக் கொண்டுபோய்ப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான். அதில் என்ன சுகம் கண்டானோ. சீட்டைத் தூக்கி, பலகையைக் கழற்றி, குப்புறக் கவிழ்ந்து அதை வெளியே எடுக்க வேண்டும். ஜெலுத்தோங்கில் ஜபருல்லாவின் பட்டறைக்குக் கொண்டுபோனால், மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றி, சார்ஜ் போட்டுத் தருவான்.

ஒருநாள் ஆயர் ஈத்தாம் போகிற வழியில் கார் நின்றுவிட்டது. சீட்டைத் தூக்க வேண்டுமென்றால் அதில் இருப்பவர் இறங்கத்தானே வேண்டும்? சித்தி ஹாஜரா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு மரத்தைப் பார்த்தபடி ரோட்டோரம் நின்றாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. வேலைவெட்டி இல்லாத பயல்கள், கார் நின்றதை விட்டுவிட்டு அவளையே வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதலாளி எவ்வளவோ சொல்லியும் அவள் மசியவில்லை. ஆனால் அடுத்த வாரம், போகவேண்டிய நாளில், அவள் அழுதது கார்க்கொட்டகை வரைக்கும் கேட்டது.

அய்யாக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. பேட்டரியின் இரு முனைகளிலிருந்தும் தடித்த கம்பிகளை இழுத்தான். தரைப்பலகையில் துளை போட்டு அவற்றை வெளியே கொண்டுவந்து, ஏறும் படியின் ஓரத்தில் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் முடித்தான். பெட்டியைத் திறந்தால் இரண்டு பித்தளைத் திருகுகள். இனி ஜபருல்லாவின் பட்டறை வாசலில் காரை நிறுத்தி, அப்படியே சார்ஜ் போடலாம். வழியில் படுத்துவிட்டாலும், இன்னொரு வண்டியிலிருந்து கம்பி கொடுத்தால் போதும்.

திரைக்கு இப்பால் நின்று சொன்னான்: “அம்மா, இனிமே காரு எங்க நின்னாலும் நீங்க எறங்க வேணாம். சீட்டத் தூக்குற வேலையே இல்ல.”

“நெசமாத்தான் சொல்றியாப்பா?”

“நான் இருக்கேன்லா. பயப்படாம வாங்க.”

அவன் சொன்னபடியே நடந்தது. மாதக்கணக்கில் ஒரு வாரம்கூடத் தவறாமல் அவள் போய் வந்தாள். மற்ற டிரைவர்கள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அய்யாக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு காலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஆள் வந்தது. சலேஹாவுக்கு மூச்சு வாங்குகிறது, உம்மா உம்மா என்று தாயையே கேட்கிறாள், உடனே வரவேண்டும். முதலாளி கடையில் இருந்தார். அவருக்குச் சொல்லக்கூட நிற்காமல் சித்தி ஹாஜரா காரில் ஏறினாள்.

பாதி வழியில் கார் நின்றது.

அய்யாக்கண்ணு பதறவில்லை. ஒரு லாரியை மறித்து, பெட்டியைத் திறந்து, கம்பி கொடுத்தான். கம்பி சுட்டதே தவிர எஞ்சின் உறுமவில்லை. வேறொரு வண்டியை நிறுத்தினான். காரின் முன்னால் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றினான். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

“என்னப்பா ஆச்சு? நான் எறங்கட்டுமா?” என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வேணாம்மா, ஆளுங்க நிக்கிறாங்க. இந்தா, இப்ப ஆயிரும்.”

ஆயர் ஈத்தாம் போகும் டிராம் ஒன்று கடந்து போனது. அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதையே சொன்னான். இன்னொரு டிராமும் போனது.

வேறு வழியில்லாமல் அவளை இறங்கச் சொல்லி, சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பேட்டரிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எத்தனை வண்டியிலிருந்து கம்பி கொடுத்தாலும் அது எழுந்திருக்காது. பெட்டி வைத்த நாள்முதல் அந்தச் சீட்டை யாரும் தூக்கவேயில்லை. தண்ணீரை இவன் பார்த்துக்கொள்வான் என்று ஜபருல்லா இருந்தான். ஜபருல்லா பார்ப்பான் என்று இவன் இருந்தான். நல்ல இரண்டு பேர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த டிராமில், அத்தனை ஆண்களுக்கும் நடுவில், சித்தி ஹாஜரா ஏறி உட்கார்ந்தாள். யாரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணு பின்னால் நின்றுகொண்டு வந்தான்.

சலேஹாவின் வீட்டை நெருங்கும்போதே அழுகுரல் கேட்டது. அவள் உள்ளே ஓடினாள். அவன் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தாள். துப்பட்டி தோளில் கிடந்தது. அதை எடுத்துப் போர்த்த வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அத்தனை வருஷம் கார் ஓட்டியும் அய்யாக்கண்ணு அந்த முகத்தை அன்றுதான் பார்த்தான். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாளாம்,” என்றாள்.

“என் தப்பும்மா. பேட்டரியத் தெறந்து பாக்காம விட்டுட்டேன்.”

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“ரெண்டு டிராம் போச்சேப்பா,” என்றாள். “நான் எதுக்கு உள்ளயே உக்காந்திருந்தேன்?”