‘பிள்ளை இறங்கீட்டுது’

நெடுங்கேணியில் பக்கத்து வளவில் இருக்கும் என் கணவரின் தங்கை மாதவியை நிறைமாத வயிற்றோடு காணும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். போன வருடம் என் மகள் இறந்தே பிறந்தாள். வயிற்றில் அவள் அசைவு குறைந்தபோது, “பிள்ளை இறங்கீட்டுது, தலை கீழ வந்திட்டுது, அதுதான் அடங்கிக் கிடக்குது” என்றார் மாதவியின் தாயான என் மாமி. நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அன்று மாதவி சிரித்தபடி வந்தாள். “மச்சாள், காலமை தொடக்கம் வயித்தில பிள்ளைத் துடிப்புக் குறைவு. பிள்ளை இறங்கீட்டுதாம், அம்மா சொல்லுறா.”

“விசர்க்கதை! வெளிக்கிடு ஆஸ்பத்திரிக்கு!” என்று ஓட்டோவில் ஏற்றினேன்.

“இறங்கினாலும் அசைவு குறையக்கூடாது” என்ற டொக்டர், குழந்தையின் இதயத்துடிப்பு தளர்வதைக் கண்டு உடனே அறுவைச் சிகிச்சை செய்தார். மாதவியின் மகன் வீரிட்டு அழுதான். அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

இப்போது எந்தக் கர்ப்பிணியைக் கண்டாலும், “பிள்ளை வழமைபோலத் துடிக்குதோ?” என்று கேட்கிறேன். ‘ஓம்’ என்றால் பொறாமைப்படுவேன். ‘இல்லை’ என்றால் ஓட்டோ பிடிப்பேன்.