தீபாவளிக்குப் பிறக்க வேண்டிய கன்று

ஐதீகம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அத்தைக்குச் சொந்தம். அவர் அப்பாவின் அக்கா, மல்லாங்கிணற்றில் வாக்கப்பட்டவர். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே, விளக்கு வைத்தபின் வீடு கூட்டாதே என்பார். ஏன் என்று கேட்டால், "ஐதீகம்டி" என்பார். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பந்தல்குடிக் கடையில் லோடு இறக்க வரும் டிரைவர்களிடம் தொண்டை வற்ற வழக்காடும் அப்பாகூட, அந்த வார்த்தையைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே ஆகாது. காரணம் தீபாவளி. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், தீபாவளியன்று, மூன்று வயது நிரம்பாத என் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். நல்ல நாளில் சாவு விழுந்த வீட்டில் அந்த நாளைக் கொண்டாடக் கூடாது என்பது ஐதீகம்; அன்றோடு எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம் எல்லாம் நின்றுபோயின. தெருவெல்லாம் வெடி வெடிக்கும்; எங்கள் வீட்டில் கம்மங்கஞ்சி. அம்மா அன்று முழுக்க அடுப்படி வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும் ஒரு வேலை ஏவ மாட்டார்கள். பாவம், அதிரசம் சுட முடியாத ஏக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு ஒரு வழி உண்டு என்று சொன்னதும் அத்தைதான். "அதே தீபாவளியன்னிக்கு வீட்டுல ஒரு புள்ள பொறக்கணும், இல்ல பசு கன்னு போடணும். அப்பத் தீபாவளி நமக்குத் திரும்பிரும். அதுவும் ஐதீகந்தான்."

அறுபதுகளின் கடைசியில் ஒரு தீபாவளிக்கு எங்கள் செவலைப் பசு நிறைசினையாக இருந்தது. அத்தையும் வந்து தங்கியிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மணி அடித்ததும் தொழுவத்துக்கு ஓடி, "இன்னிக்குப் போட்றாத தாயி, கொஞ்சம் பொறுத்துக்க" என்று கெஞ்சுவேன். பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றி லஞ்சமும் கொடுத்தேன். பாவாடை என்ன நிறம், மத்தாப்பு எத்தனை பெட்டி என்பதுவரை மனசுக்குள் முடிவாகிவிட்டது.

தீபாவளியன்று விடிகிற நேரம், வெடிச்சத்தத்தில் விழித்து ஓடினேன். அம்மா எனக்கு முன்பே தொழுவத்தில் இருந்தாள். பசு முக்கிக்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே கன்று விழுந்தது. அம்மா அதை வைக்கோலால் துடைத்துவிட்டாள்.

"அப்பா! கன்னு போட்டுருச்சு! நமக்குத் தீபாவளி வந்துருச்சு!"

அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே அத்தை.

"எப்பப் போட்டுச்சு?" என்றார் அப்பா.

"நேத்துப் பொழுதடையவே போட்டுருச்சு," என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய்யி! அம்மா பொய் சொல்றா அத்த! இப்பத்தான் போட்டுச்சு, நான் பாத்தேன்!" தரையில் விழுந்து புரண்டு அழுதேன். அத்தை மாடுகளோடேயே காலம் தள்ளியவர், அவரையா ஏமாற்ற முடியும் என்று ஒரு தைரியம் இருந்தது.

அத்தை குனிந்தார். கன்றுக்கு இன்னும் எழுந்து நிற்கத் தெரியவில்லை. முன்னங்கால் மடங்கி மடங்கி விழுந்தது. அதன் முதுகைத் தடவினார். கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா தம்பி, நேத்தே போட்டுருக்கு," என்றார் அப்பாவிடம். "இந்த வருசமும் நமக்கு இல்ல. ஐதீகத்த நாம மாத்த முடியுமா?"

அப்பா கன்றையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அம்மா அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பார்க்கச் சகிக்காதபடி அழுதாள்.

பொய் சொன்னவள் அழட்டும் என்று நான் நினைத்தேன். இத்தனை வருஷம் ஐதீகம் ஐதீகம் என்று எங்களை ஆட்டிவைத்த அத்தையே அதை மிதித்துவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. செத்த பிள்ளைக்காக உட்கார்ந்து அழ அம்மாவுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.